கை கொடுப்பது

அன்புள்ள ஐயாவுக்கு,

என் மகளுக்கு ஒன்பது வயது. ஒரு வருடமாக ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். பயிற்சி தொடங்கும்போது பிள்ளைகள் எல்லாரும் உயரப்படி வரிசையில் நின்று கோச்சுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி வரிசை. ஒவ்வொருவராகப் போய்க் கை கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுத்தான் கிளம்பலாம். நடுவில் தண்ணீர் குடிக்கக்கூடக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மேலே பெற்றோர் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் பட்டாளம் மாதிரி இருக்கிறது. போன வாரம் கோச் அவளைத் திட்டினார். அன்றைக்கும் போய்க் கை கொடுத்து நன்றி சொன்னாள். எனக்கு மனசு ஆறவில்லை. வேறு இடத்தில் சேர்த்துவிடலாமா? (என் பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு வாரமாக எனக்கு வலது மணிக்கட்டில் வலி. குளிர் ஏறினால் வரும் பழைய வலிதான். அதைத் தேய்த்தபடி ஒரு மனிதரை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

பட்டாளம் என்பதை விட்டுவிடுவோம். நாலு பேர் சேர்ந்து வரிசையில் நின்றாலே பட்டாளம் என்பவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை. தண்ணீர் விஷயமும் அப்படித்தான். ஓடி வந்து மேஜைமேல் கையூன்றித் தாவும் வால்ட்டுக்கு ஓடுபாதை 25 மீட்டர். ஒரு பிள்ளை அதில் முழு வேகத்தில் ஓடி வரும்போது இன்னொன்று பாட்டிலைத் தேடிக் குறுக்கே போனால் என்ன ஆகும்? கேட்டுவிட்டுப் போகட்டும். கேட்டால் விடுகிறாரா என்பதை மட்டும் பாருங்கள். பிரிட்டனில் இந்த விளையாட்டைப் பற்றி விசாரித்து 2022-இல் ஓர் அறிக்கை வந்தது. பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க விடாதது, கழிவறைக்குப் போக விடாதது, காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தது எல்லாம் அதில் இருக்கின்றன. கேட்டும் விடவில்லை என்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

அந்தக் கை கொடுப்பதற்கு வருகிறேன்.

எனக்குப் பதினொரு வயது. எங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் மாஸ்டரும் இதே வழக்கம் வைத்திருந்தார். முடிந்ததும் வரிசை, கை, நன்றி. எல்லார் கையிலும் வழுக்காமலிருக்கப் பூசும் பவுடர் அப்பியிருக்கும். அவர் தன் கையைக் கால்சட்டையில் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் நீட்டுவார். காய்ப்புக் காய்த்து, மரக்கட்டை போல இருக்கும் அந்தக் கை.

அப்போது பின்பக்கமாகப் பாய்ந்து கையூன்றி எழுவதைப் பழகிக்கொண்டிருந்தோம். உடம்பின் எடை மொத்தமும், வந்த வேகமும் சேர்ந்து மணிக்கட்டில் இறங்கும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனையில் இன்னும் இறுகாத வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அடி அதன்மேல்தான் விழும். 'ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு' என்றே மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. வலித்தது. சொல்லவில்லை. வலிக்கிறது என்று மாஸ்டரிடம் சொல்வது மரியாதைக்குறைவு என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவர் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் சொல்லலாம் என்றும் சொன்னதில்லை.

ஒரு நாள் வீங்கிவிட்டது. வரிசையில் என் முறை வந்ததும் இடது கையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அந்தக் கை."

நீட்டினேன். குலுக்காமல் கட்டை விரலால் மணிக்கட்டை மெல்ல அழுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"பத்து நாள், மாஸ்டர்."

அறை விழும் என்று நினைத்தேன். அவர் அப்படியே தரையில் விரித்திருந்த மேட் மேல் உட்கார்ந்துவிட்டார். "பத்து நாளா எனக்குக் கை குடுத்திருக்கே. நானும் வாங்கிட்டு அனுப்பியிருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு அன்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் தொடக்க வரிசையில் நாங்கள் வணக்கம் சொன்னதும், அவர் எங்களிடம் வந்தார். ஒவ்வொருவர் கையையும் வாங்கித் திருப்பிப் பார்த்தார். தோல் கிழிந்திருந்தால் அன்றைக்குக் கம்பியில் தொங்கிப் பழகுவது கிடையாது. "எங்கே வலிக்குது?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்று சொன்னால் இன்னொரு தடவை கேட்டார். அன்று தொடங்கியது, நான் இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. நாங்கள் அவருக்குக் கொடுத்த வணக்கத்துக்கு அவர் கொடுத்த பதில் வணக்கம் அதுதான் என்று எனக்குத் தோன்றவே இருபது வருஷம் ஆனது. நான் கொஞ்சம் மந்தம்.

உங்கள் மகளுக்குப் போட்டியில் என்ன சொல்லித்தருவார்கள் தெரியுமா? தொடங்கும் முன் நடுவரைப் பார்த்துக் கை தூக்கி வணங்க வேண்டும், முடித்ததும் வணங்க வேண்டும். தவறினால் பெரிய போட்டிகளில் 0.30 புள்ளி போகும். பீம் என்கிற ஒடுக்கமான கட்டையிலிருந்து விழுந்தாலும், அழுகை முட்டிக்கொண்டு வந்தாலும் வணங்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும். எனக்குப் பிடித்த விதி இது. ஆனால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை கெர்ரி ஸ்ட்ரக் முதல் வால்ட்டில் கணுக்காலைக் கெடுத்துக்கொண்டு, இரண்டாவதையும் தாவி, ஒற்றைக் காலில் நின்றபடி நடுவர்களுக்குக் கை தூக்கிவிட்டு, அப்புறம்தான் சரிந்தாள். அவளுடைய பயிற்சியாளர் பேலா கரோல்யி அவளைத் தூக்கிக்கொண்டு போன படத்தை உலகமே கொண்டாடியது. நானும் கைதட்டியவன்தான். அந்தத் தாவல் இல்லாமலே அமெரிக்க அணிக்குத் தங்கம் கிடைத்திருக்கும் என்பது பிறகு புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது தெரிந்தது. இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் என் மணிக்கட்டு வலிக்கிறது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் ஒரு வால்ட் தாவிவிட்டு, காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறதென்று தனக்கே பிடிபடவில்லை என்று அணிப்போட்டியிலிருந்து விலகியபோது எத்தனை பேர் ஏசினார்கள்! போகாமல் உட்கார்ந்து மற்ற பெண்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாளே, அது யார் கண்ணிலும் படவில்லை.

திட்டினார் என்கிறீர்கள். எதற்குத் திட்டினார்? மேட் விரிக்காமல் பீமில் ஏறினாளா, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாளா, இல்லை பயந்து நின்றாளா? பயந்ததற்குத் திட்டினார் என்றால் எனக்கும் கோபம் வரும். ஆனால் உங்கள் கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், மகள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. மேலே உட்கார்ந்திருந்தீர்கள், பார்த்தீர்கள், மனசு ஆறவில்லை, எனக்கு எழுதிவிட்டீர்கள். அவளிடம் கேட்க என்ன தடை அம்மா? கை கொடுக்கும்போது அவள் கோச்சின் முகத்தைப் பார்த்தாளா, தரையைப் பார்த்தாளா? அதுவாவது தெரியுமா?

வேறு இடம் பார்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? இந்த வாரம் கடைசி வரிசை நிற்கும் நேரத்தில் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போங்கள். அவள் கையை அவர் எப்படி வாங்குகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் கையை நீங்களும் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.

அப்புறம் எழுதுங்கள்.