கோர்தோபா மெஸ்கித்தாவில் வளைவுகள் ஏன் இரண்டு அடுக்காக உள்ளன?

ஸ்பெயினின் கோர்தோபா நகரில், 785 வாக்கில் அங்கு ஆண்ட அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கிய பெரிய மசூதிதான் மெஸ்கித்தா. இன்று அது கதீட்ரல். ஒரே தூண் வரிசையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வளைவுகள் நிற்பதையே இரட்டை வளைவு என்கிறார்கள்.

காரணம், தூண்கள் குட்டை. பழைய பகுதியில் பெரும்பாலானவை ரோமானியர்களும், அவர்களுக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர்களும் கட்டிய கட்டடங்களிலிருந்து எடுத்தவை (தூண்களின் தலைப்பகுதிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாததைக் கவனியுங்கள்). அவற்றின் மேல் நேரே கூரை போட்டால் அவ்வளவு பெரிய கூடம் தாழ்ந்து இருண்டுவிடும். அதனால் தூண்களின் மேல் கல் தூண்களை எழுப்பி, மேல் வளைவின் மீது கூரையை ஏற்றினார்கள். கீழ் வளைவு கூரையைச் சுமப்பதில்லை. ஏணியின் கால்கள் விலகாமல் குறுக்குச் சட்டம் பிடிப்பதுபோல, தூண்கள் சாயாமல் பிடிக்கிறது.

வளைவுகளில் தெரியும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் எல்லாமே வண்ணப்பூச்சு என்று பலர் நினைக்கிறார்கள். பழைய பகுதியில் அவை செங்கல்லும் கல்லும் மாறிமாறி அடுக்கியவை. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியைக் கையில் வைத்திருந்த முதலமைச்சர் அல்மன்சூர் சேர்த்த கிழக்குப் பகுதியில்தான் கல்லின் மேல் வண்ணம் பூசினார்கள்.