எண் சரியாக இருந்தும் மூச்சு முட்டுவது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சி.ஓ.பி.டி. இருக்கிறது. இன்ஹேலரைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 96 என்று காட்டும்போதும் “மூச்சு முட்டுது” என்கிறார். வீட்டில் சிலர் இது மனப்பிரமை என்கிறார்கள். மூச்சிரைப்பைத் தத்துவத் துறையினரும் ஆராய்கிறார்கள் என்று படித்தேன். அவர்களுக்கு இதில் என்ன வேலை?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் அப்பா சொல்வது மெய். ஆக்ஸிமீட்டர் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் நிறைவை மட்டுமே காட்டும். அந்த 96-ஐ எட்ட மார்புத் தசைகள் படும் பாட்டைக் காட்டாது. இந்நோயில் இழுத்த காற்று முழுவதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருப்பதால், நடக்கும்போது நுரையீரலில் காற்று தேங்கி, மூளை கேட்கும் அளவுக்கு மார்பு விரிய முடியாமல் போகிறது. அந்தத் தவிப்பைத்தான் அவர் சொல்கிறார். பயம் அதைக் கூட்டும் என்பது உண்மைதான். அதற்காக அது வெறும் பயமாகிவிடாது.

இங்கிலாந்தின் டர்ஹாம், பிரிஸ்டல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய மூச்சு பற்றிய ஆய்வை வழிநடத்தியவர்களுள் ஒருவரான ஹாவி கேரல், தத்துவப் பேராசிரியர். 2006-இல் தமக்கு அரிய நுரையீரல் நோய் இருப்பதை அறிந்தவர். மற்றவர் கவனிக்கவே செய்யாத சிறு ஏற்றம்கூட நோயாளிக்கு மலையாகிவிடுவதையும், அவர் வெளியே போவதையே குறைத்துக்கொள்வதால் அத்துன்பம் பிறர் கண்ணில் படாமல் போவதையும் கேரல் தம் அனுபவத்திலிருந்தே விளக்குகிறார்.

மருத்துவத்துக்கும் இது புதிதல்ல. வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை 1940-களில் ஆராய்ந்த மருத்துவர் சார்லஸ் ஃபிளெட்சரின் கேள்விகளிலிருந்து பிறந்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சம வயதினரோடு சமதரையில் ஈடுகொடுத்து நடக்க முடிகிறதா, உடை மாற்றினாலே இரைக்கிறதா என்றுதான் அது கேட்கிறது.

நீங்களும் அப்பாவிடம், முன்பு செய்த எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று கேளுங்கள். மாடிக்குப் போவதை நிறுத்தியிருக்கலாம். குளித்துவிட்டு முதுகைத் துவட்டுவதற்குள் உட்கார்ந்துவிடலாம். அவற்றை எழுதி மருத்துவரிடம் காட்டி, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பற்றியும் கேளுங்கள். நடந்தவுடன் அந்த 96 குறைகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டும்போது அவரைச் சற்று முன்சாய்ந்து உட்காரவைத்து முகத்துக்கு நேரே விசிறுங்கள். முகத்தில் படும் குளிர்ந்த காற்று அந்தத் தவிப்பைத் தணிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதற்குப் பனையோலை விசிறியே போதும். ஆனால் இரைப்பு திடீரென அதிகரித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.