அமீன் சயானிக்கு அடித்தது அதிர்ஷ்டமா?

கேள்வி: ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு இல்லாத காலத்தில் இலங்கை வானொலியில் பாட்டுப் போட்டார், அதனால் புகழ்பெற்றார். இந்தி அறிவிப்பாளர் அமீன் சயானி வெறும் அதிர்ஷ்டசாலி என்கிறேன். நீங்கள்? (வாசகர், மாட்டுங்கா)

பதில்: அதிர்ஷ்டமா? 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் 'பினாகா கீத்மாலா' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி ஆரம்பித்தபோது அவருக்குச் சம்பளம் வாரத்துக்கு 25 ரூபாய். அதற்கு எழுதவும் வேண்டும், பேசவும் வேண்டும், வருகிற கடிதங்களைப் பிரித்துப் படிக்கவும் வேண்டும். அந்தக் காசுக்கு அனுபவசாலிகள் யாரும் வரவில்லை, அதனால்தான் இருபது வயது நிரம்பாத பையன் தலையில் வேலை வந்து விழுந்தது. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் குவிந்தன. அத்தனையையும் பிரித்துப் படிப்பதற்குப் பெயர் அதிர்ஷ்டம் என்றால் அது எனக்கு வேண்டாம்.

இன்னொன்றும் கேளுங்கள். அதற்கு முன்னால் ஆல் இந்தியா ரேடியோவில் இந்தி அறிவிப்பாளர் வேலைக்குப் போனவரை, உச்சரிப்பில் குஜராத்தியும் ஆங்கிலமும் வாடை அடிக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வாயைத்தான் பிறகு நாடே புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் காத்திருந்து கேட்டது. அவருடைய எளிய இந்துஸ்தானி சும்மா வந்ததில்லை. அம்மா குல்சும் சயானி, புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்காக 'ரஹ்பர்' என்ற பத்திரிகையை தேவநாகரி, உருது, குஜராத்தி என மூன்று எழுத்திலும் நடத்தினார். மகன் அதில் கூடமாட வேலை செய்தார். யாருக்கும் புரியாத சொல்லைத் தொடக்கூடாது என்பதை அங்கேதான் படித்தார். இதை நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் படித்தால் தேவலை.

அப்புறம் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கு இருந்த அந்தத் தடை. அதற்குக் காரணமான அன்றைய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் பெயரை எடுத்தால் எனக்குக் கோபம் வரும், பழைய வாசகர்களுக்குத் தெரியும். போன தடவை எழுதியபோது, சாஸ்திரிய சங்கீதத்தைக் காப்பாற்றியவரை ஏசலாமா என்று சபாக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். காப்பாற்றட்டும், வேண்டாம் என்றா சொன்னேன்? ஒன்றை வளர்க்க இன்னொன்றின் வாயை ஏன் பொத்த வேண்டும்? பொத்தியதில் நடந்தது என்ன? பம்பாயில் பதிவு செய்த ஒலிநாடா விமானம் ஏறிக் கொழும்பு போய், அங்கிருந்து ஒலித்து, திரும்ப நம் வீட்டுக்கே வந்தது. 1957-இல் ஆல் இந்தியா ரேடியோவே விவித் பாரதி என்ற ஒலிபரப்பைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். உங்கள் கணக்குப்படி அதோடு சயானியின் அதிர்ஷ்டம் தீர்ந்திருக்க வேண்டுமே, ஏன் தீரவில்லை? கீத்மாலா 1988 வரை இலங்கை வானொலியிலும், பிறகு விவித் பாரதியிலேயே சில வருஷமும் ஓடியது.

சொல்லப்போனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று மரியாதையாகப் பெயர் சொன்ன தலைமுறை அது. இன்றைய எஃப்எம்மில் பாட்டு முடிவதற்குள் விளம்பரம் வந்து விழுகிறது, எழுதியவன் யார் என்று சொல்ல ஒரு நொடி கிடையாது. ஒரு கவிஞனின் பெயரை விழுங்குவது திருட்டுதான், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

கடைசியாக, இந்தியில் சயானியைக் கொண்டாடும் நாம் தமிழில் அதே இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் கலக்கிய எஸ்.பி. மயில்வாகனனை மறந்தே போனோம். கடல் தாண்டித் தமிழ்நாடு முழுக்க ரசிகர்களைச் சேர்த்தவர் அவர். மும்பையில் தாராவி, செம்பூர், சயான் பக்கம் அவர் குரலை அந்தக் காலத்திலேயே கேட்ட பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள். நினைவில் இருப்பதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், எழுத முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.