புது கார், மூன்று நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகவில்லை: பேட்டரி போய்விட்டதா?

உடனே பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள். முதலில் ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) எடுங்கள். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டும், 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) பக்கம் பாருங்கள். (சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், ஒரே அளவை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.)

இரண்டும் சரி என்றால், நிறுத்திய வண்டியில் ஏதோ மின்சாரத்தைக் குடிக்கிறது. என் அனுபவத்தில் முதல் சந்தேகம், வெளிக்கடையில் மாட்டிய டேஷ்கேம்தான் (சாலையைப் பதிவு செய்யும் கேமரா). நிறுத்திய வண்டியில் வழக்கமான மின் கசிவு 50 மில்லிஆம்பியருக்குள் இருக்கும். அதுவே 300 ஆனால் நாளுக்கு 7 ஆம்பியர்-மணி போகும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் பாதி காலி. இந்தக் கசிவை அளக்கும்போது அவசரப்படாதீர்கள்: கதவைப் பூட்டிய பிறகும் கன்ட்ரோல் யூனிட்டுகள் (வண்டியில் உள்ள சின்ன கம்ப்யூட்டர்கள்) தூங்கப் போக அரை மணிக்கு மேல் ஆகலாம். எந்தப் பக்கம் கசிகிறது என்று பார்க்க ஃபியூஸைப் பிடுங்கினால் சில யூனிட்டுகள் மறுபடி விழித்துக்கொள்ளும். அதனால் ஃபியூஸின் இரு முனைகளுக்கு இடையே மில்லிவோல்ட் பார்ப்பது நல்லது; ஏதாவது காட்டினால் அந்த ஃபியூஸ் வழியாக மின்சாரம் ஓடுகிறது.

அப்புறம், பேட்டரி முனைகளின் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். வாரண்டி இருக்கும்போது வயரை மட்டும் வெட்டாதீர்கள். அளவுகளைத் தேதியோடு எழுதி சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.