மொழியும் படிக்கணும், வேலையும் விடக்கூடாது: எந்த விசா?

சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில் ஒரு வருஷம் மொழி படித்துக்கொண்டே இதைத் தொடரலாமா? சம்பளம் இந்திய அக்கவுண்ட்டில்தானே விழுகிறது? (கும்பகோணம்)

சம்பளம் எங்கே விழுகிறது என்பது கணக்கில்லை. எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள் என்பதே கணக்கு. மொழிப் படிப்பு விசாவில் 2024 மார்ச் முதல் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். முழுநேர வேலை இதில் அடங்காது. ஃப்ரீலான்ஸ் என்றால் இந்த 20 மணி நேரச் சலுகையே பொருந்தாது, அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனி அனுமதி வேண்டும். வகுப்பு வாரத்துக்கு 18 மணி நேரமாவது இருக்கணும். மாலை வகுப்பு, சனி ஞாயிறு வகுப்பைக் காட்டி விசா வாங்க முடியாது.

நேரத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் அங்கே நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். ஊரில் காலை 10 என்றால் அங்கே விடியற்காலை 5:30. எட்டரை வரை வேலை, ஒன்பதுக்கு வகுப்பு என்று வைத்தால் வாரம் 15 மணி நேரம் ஆகிறது. வரம்புக்குள் நிற்கும், உடம்பும் தாங்கும். இதற்குத் தோதாகப் பகுதிநேர ஒப்பந்தத்தைக் கிளம்புவதற்கு முன்பே எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கம்பெனிக்கு அந்த நாட்டில் வரியும் சமூகக் காப்பீடும் கட்டும் பொறுப்பு வரக்கூடும்; பலர் மறுப்பது அதனால்தான். சொல்லாமல் போனால் லாகின் ஆகும் ஐ.பி. முகவரியே காட்டிக்கொடுத்துவிடும்.

வேறு நாட்டுக் கம்பெனிக்கு லேப்டாப்பிலேயே வேலை பார்ப்பவர்களுக்கான ஜப்பானின் டிஜிட்டல் நோமாட் விசா கிடைக்குமா? (மயிலாடுதுறை)

இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது. மொழிப் பள்ளியில் சேர்ந்து மாணவர் விசாவில்தான் போகணும். வேலைக்குத் தனி அனுமதி தேவை. விமான நிலையத்தில் இறங்கும்போதே அதற்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் வாரம் 28 மணி நேரம், பள்ளியின் நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம். காலை வகுப்பையே கேட்டு வாங்குங்கள். அங்கே மதியம் 1 மணி என்றால் நமக்குக் காலை 9:30, ஆபீஸ் தொடங்கும் நேரம். வரம்பை மீறினாலும், வகுப்புக்கு மட்டம் போட்டாலும் விசா நீட்டிப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

தாய்லாந்து? (மன்னார்குடி)

முழுநேர வேலையை விடவே முடியாது என்பவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். ஆனால் கல்வி விசா வேண்டாம், அதில் வேலைக்கு இடமில்லை. 2024 ஜூலையில் வந்த டி.டி.வி. (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) எடுங்கள். ஐந்து வருஷம் செல்லும், ஒவ்வொரு முறையும் 180 நாள் தங்கலாம். கையிருப்பு 5 லட்சம் பாட் காட்டணும். வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று கம்பெனி தரும் கடிதம் முக்கியம். மொழி வகுப்பை ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காலண்டர் வருஷத்தில் 180 நாள் தங்கிவிட்டால் அங்கே வரிக் கணக்கில் வந்துவிடுவீர்கள்.

டிகிரியில் இனிஷியல்; பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. சிக்கல் வருமா? (தஞ்சாவூர்)

நம்ம பக்கத்தில் பாதிப் பேருக்கு இதே கதைதான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுதணும் என்பதால் வருவது இது. பள்ளியின் சேர்க்கைக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனிக் கடிதம் மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும். மாற்ற முடியாத டிகிரிக்கு மட்டும், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி இணையுங்கள்.

டூரிஸ்ட் விசாவில் போய் லேப்டாப்பில் வேலை பார்த்தால் யாருக்குத் தெரியும்? (திருவாரூர்)

செய்யாதீர்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். அடுத்து எந்த நாட்டு விசா படிவத்திலும் அதை மறைக்க முடியாது.