மும்பைச் சம்பளம் கையில் நிற்குமா?

கேள்வி: பொதுத்துறை வங்கியில் காசாளர் பணிக்குத் தமிழ்நாட்டில் போட்டி மிகுதி என்பதால், என் மகன் மகாராஷ்டிரத்தைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க நினைக்கிறான். பெருநகரச் சம்பளத்தில் கூடுதலாக மிச்சம் பிடிக்க முடியுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியாது என்றே கருதுகிறேன். 2024 மார்ச்சில் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் கையெழுத்திட்ட பன்னிரண்டாவது இருதரப்பு ஊதிய ஒப்பந்தப்படி, காசாளர் உள்ளிட்ட எழுத்தர் நிலைக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் நாடெங்கும் 24,050 ரூபாய்தான். அகவிலைப்படியும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. வரியிலும் சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது. 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 12.75 லட்சம் ரூபாய் வரையிலான ஆண்டுச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. தொழில் வரியோ எந்த மாநிலத்திலும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது.

ஆகவே கணக்கைத் தீர்மானிப்பது வாடகைதான். வீட்டு வாடகைப் படி அடிப்படை ஊதியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. புதிதாகச் சேர்பவருக்குக் கிடைக்கும் அந்தச் சில ஆயிரம் ரூபாய் திண்டுக்கல்லில் சிறு வீட்டு வாடகையில் கணிசமான பகுதியை ஈடுகட்டும் என்றாலும், மும்பையில் நால்வர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கே போதாது. மும்பைக்கு வெளியே கல்யாண் நகரின் பக்கம் தள்ளிக் குடியேறினால் வாடகை குறையும், ஆனால் நாள்தோறும் மின்சார ரயிலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். அத்துடன், எழுத்தர் பணிக்கு அந்தந்த மாநில மொழியறிவு கட்டாயம். தங்கள் மகனுக்கு மராத்தி தெரியுமா?