எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்தால் பள்ளி திருந்துமா?

கேள்வி: அமெரிக்க அரசுப் பள்ளிகளில் தேர்வை வைத்தே கல்வியைச் சீர்திருத்தப் பார்த்தார்களே, அது என்ன ஆயிற்று?

பதில்: 2002 ஜனவரியில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டத்தைக் கேட்கிறீர்கள். 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு, 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி. நூற்றுக்கு நூறு! நடக்கிற காரியமா அது?

ஆனால் அதில் ஒரு நல்லது இருந்தது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று தனித்தனியாகக் கணக்குக் காட்டச் சொன்னார்கள். அதுவரை பள்ளியின் சராசரி மதிப்பெண்ணுக்குப் பின்னால் இந்தப் பிள்ளைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

கெடுத்தது தண்டனைதான். இலக்கை எட்டாத பள்ளி மேல் நடவடிக்கை என்றதும் பல இடங்களில் வரலாறு, ஓவியம் எல்லாம் சுருங்கின, தேர்ச்சிக்கான தரத்தை அந்தந்த மாநிலமே நிர்ணயிக்கலாம் என்பதால் சில மாநிலங்கள் தரத்தையே தாழ்த்திக்கொண்டன. அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே பிள்ளைகளின் தவறான விடைகளைச் சரியான விடைகளாக மாற்றிவைத்த கொடுமை 2011 விசாரணையில் வெளிவந்தது, 44 பள்ளிகளில்.

2015 டிசம்பரில் இதற்குப் பதிலாக வேறு சட்டம் வந்தது. தேர்வு அப்படியே இருக்கிறது, பின்தங்கிய பள்ளியை என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் மாநிலங்களிடமே விட்டுவிட்டார்கள். அப்புறம், அங்கேயே 1969 முதல் இன்னொரு தேசியத் தேர்வும் நடக்கிறது. மாதிரிக்குச் சில மாணவர்களை மட்டும் எடுப்பார்கள், தனி மாணவருக்கு மதிப்பெண் வராது, அதனால் அதற்காக யாரும் பிள்ளைகளை உருப்போட வைப்பதில்லை. எனக்கு அதன் முடிவுகள் மேல்தான் அதிக நம்பிக்கை.